மடியில் அடங்காத கிற்றார்கள்

கிற்றார் படிப்பிக்கிறது அமைதியான தொழில் என்று சொல்பவர்கள் ஒருநாளும் எங்கள் வகுப்பில் வந்து இருந்து பார்த்ததில்லை. துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு மாடி அறையில் பெரியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். இதே தொழிலில் அகப்பட்டுக்கொண்ட உங்களுக்கு நான் சொல்லப்போகும் பயங்கள் புதிதாக இருக்காது.

மரத்துப்போன கை

றிஸ்வான் கிண்ணியாவில் வாகன ரயர் கடை வைத்திருப்பவர், கட்டையான ஆள். கொழும்பில் ஒரு ட்ரெட்நோட் வாங்கி வந்திருந்தார். பழைய போர்க்கப்பலின் பெயரை வைத்த, தோள் அகன்று இடுப்புத் தடித்த பெரிய கிற்றார். மடியில் வைத்தால் நாடிக்குக் கிட்ட வரும். வலது கையை அதன் விளிம்புக்கு மேலால் தூக்கிப் போட்டால்தான் கம்பி எட்டும். ஒரு பின்னேரம் வாசித்துக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டு, வலது கை விரல்கள் மரத்துவிட்டன என்றார். அவருடைய வாப்பாவுக்குப் பாரிசவாதம் வந்தபோதும் முதலில் கைதான் மரத்ததாம்.

அவருடைய முகம் வெளிறிவிட்டது. ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். வெளியே வாங்கில் உட்கார்ந்திருந்த நேரம் முழுக்க, அவருடைய மனைவிக்கு எப்படிச் சொல்வது என்றுதான் யோசித்தேன். கடைசியில் கதவைத் திறந்துகொண்டு வந்த றிஸ்வான் கையை உதறிக் காட்டினார்.

"டொக்டர் மருந்து ஒண்டும் தரல்ல ரீச்சர். சின்னக் கிற்றார் வாங்கச் சொன்னார்."

எழும்பி நின்றபோது

ஒரு கலியாணத்துக்கு வாசிக்கப் போனால், எனக்கென்று போட்ட கதிரையில் மாப்பிள்ளையின் பெரியம்மா இருக்கிறார். எழும்பி நின்று வாசிக்க வேண்டியதாயிற்று. யாரோ தந்த தோள்வார் நீளம். கிற்றார் தொடைவரை இறங்கிவிட்டது, கழுத்துப் பக்கம் சரிந்தது, இடது மணிக்கட்டு மடங்கி விரல்கள் கம்பியை அழுத்த மறுத்தன. நான் தொடங்கினால்தான் மணப்பெண் உள்ளே வருவாள். மண்டபம் முழுக்கத் திரும்பி என்னைப் பார்க்கிறது. எனக்கு வேர்த்து ஊற்றியது. பக்கத்தில் ஓர்கன் வாசித்த ஜோர்ஜ் தலையைக் குனிந்தபடியே சொன்னார்:

"பொம்பிளை இன்னும் வாசல்லதான் நிக்கிறா. நீங்கள் வாரைச் சுருக்குங்கோ, நான் மெதுவா வாசிச்சுக்கொண்டிருக்கிறன்."

கொட்டியாரக் குடாவில்

குடாவுக்கு அக்கரையில் கட்டைபறிச்சானில் திறந்தவெளி ஆராதனை. மைக் இல்லாத இடம் என்பதால் ஜம்போவை எடுத்தேன். அடிப்பக்கம் உருண்டு பெருத்த, சத்தம் தூரம் போகிற கிற்றார் வகை. அதன் பெட்டி ஒரு ஆள் அளவு. அன்றைக்கு பஸ் ஓடவில்லை. சலீம் நானாவின் மீன்பிடி வள்ளத்தில் மூதூர்ப் பக்கம் புறப்பட்டோம்.

நடுக்குடாவில் காற்று மாறியது. அலை வள்ளத்துக்குள்ளேயே விழுந்தது. எனக்கு நீந்தத் தெரியாது. சலீம் நானா கண்ணை எடுக்காமல் கரையையே பார்த்து ஓட்டியதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. இடைஞ்சலாக இருக்குமோ என்று பெட்டியை ஒரு பக்கம் தள்ளப் போனேன். அப்போதுதான் அவர் என் பக்கம் திரும்பினார்.

"அத விடாதீங்க ரீச்சர், இறுக்கிப் பிடிங்க. அது மிதக்கும், நீங்க மிதப்பீங்களோ எண்டு எனக்குத் தெரியாது."

வயிற்றுக்கும் கிற்றாருக்கும் நடுவில்

என்னிடம் படிக்கும் மெரீனா, மாதா கோயில் பாடகர் குழுவுக்கு வாசிப்பவள். முதல் பிள்ளை வயிற்றிலேயே இறந்துபோனது. இப்போது இரண்டாவது பிள்ளை வயிற்றில், ஏழு மாதம். வழமைபோலக் கிற்றாரின் இடுப்பை வலது தொடையில் வைத்தால் அதன் முதுகு அவளுடைய வயிற்றில் முட்டும். கிறிஸ்து பிறப்புக்கு நத்தார்ப் பாட்டுப் பழகிக்கொண்டிருந்தவள் கிற்றாரைக் கீழே வைத்துவிட்டு, காலையிலிருந்து பிள்ளை அசையவில்லை என்றாள்.

இரண்டு வீடு தள்ளி இருந்த மிட்வைஃபைக் கூட்டிவர ஓடினேன். அவர் பிள்ளையின் இதயத்துடிப்பைக் கேட்கும் மரக்குழலை வயிற்றில் வைத்துக் காதைக் கொடுத்தார். துடிப்பு அவருக்கு மட்டும்தான் கேட்கும். நான் அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். குழலை இடம் மாற்றினார். திரும்பவும் மாற்றினார். பிறகு, துடிக்கிறது என்று தலையை ஆட்டினார். மெரீனா அழத் தொடங்கினாள், நானும்தான். ஆஸ்பத்திரியிலும் காட்டினோம். எல்லாம் சரி என்றார்கள்.

அடுத்த கிழமை அவள் வந்து நின்றபோது, இனி வேண்டாம் என்று கெஞ்சிப் பார்த்தேன். கேட்கவில்லை. ஆகவே உடம்பு ஒடுங்கிய நைலோன் கம்பிக் கிற்றார் ஒன்றைக் கொடுத்தேன். இடது காலைச் சிறு பலகையில் உயர்த்தி, கிற்றாரை இடது தொடையில் வைத்து, கழுத்தை மேலே சாய்த்தோம். அடிப்பக்கம் இரண்டு கால்களுக்கும் நடுவில் இறங்க, வயிறு தப்பியது. பாட்டு நடுவில் அவள் சட்டென்று நிறுத்தினாள். நான் அதற்குள் வாசலுக்குப் போய்விட்டேன்.

"ஓடாதேங்கோ ரீச்சர். உதைக்குது. இப்ப பிள்ளைக்கு இடம் கிடைச்சிட்டுது போல."

எந்த வடிவக் கிற்றார் வந்தாலும் அதை எங்கே எப்படி வைப்பது என்று சொல்லிவிடுவேன், என் நெஞ்சை எங்கே வைப்பது என்றுதான் இன்னும் பிடிபடவில்லை.