நாலாவது பலகை

இன்று பின்னேரம் யாரோ டைனமோ உரச உரச ஒழுங்கையால் சைக்கிளில் போனார்கள். அந்த இரைச்சலோடு எனக்கு எங்கள் பழைய ரேடியோ கேட்கத் தொடங்கியது.

தொண்ணூறுகளின் தொடக்கம், போர்க்காலம். யாழ்ப்பாணத்தில் கரண்டும் இல்லை, ரேடியோவுக்குப் பற்றறியும் வராது. கோப்பாயில் எங்கள் முற்றத்தில் சைக்கிளைக் கவிழ்த்து, டைனமோவில் வயரைக் கொழுவி, அப்பா கையால் பெடலைச் சுற்றுவார். சுற்றும்வரை ரேடியோ கதைக்கும்.

அப்போது சித்தப்பா நாட்டின் சதுரங்க அணியில் நாலாவது பலகைக்கு ஆட வெளிநாடு போயிருந்தார். "வெங்காயத்துக்குத் தண்ணி கட்டாமல் உவன் குதிரை ஓட்டுறான்" என்று ஏசித் திரிந்த அப்பாதான் அன்று வேர்க்க வேர்க்கச் சுற்றினார்.

"நாலாவது பலகையில்" என்று தொடங்கிய ரேடியோ சித்தப்பாவின் பெயரைச் சொன்னது. தம்பியின் பெயரைக் கேட்டதும் அப்பாவின் கை நின்றுவிட்டது. ரேடியோவும் நின்றது. திரும்பச் சுற்றியபோது காலநிலை போய்க்கொண்டிருந்தது.

"வெண்டிட்டான்!" என்றார் அப்பா. அடுத்த நாள், தம்பி வென்றுவிட்டான் என்று சந்தை முழுக்கச் சொல்லியும்விட்டார்.

சித்தப்பா வந்து இறங்கியபோது வாசல் படலையடியில் சனம் நின்றது. "வெண்டனியெண்டு அண்ணை சொன்னார், மெய்யே?" என்று பக்கத்து வீட்டு மாமி கேட்டா. சித்தப்பா அப்பாவின் முகத்தைப் பார்த்தார்.

"ஓம் மாமி, வெண்டனான்."

இன்று அந்தச் சைக்கிள் போனபிறகு கைபேசியில் அந்தப் போட்டியைத் தேடினேன். சித்தப்பாவின் பெயருக்கு நேரே, அந்தச் சுற்றில், பூச்சியம். கொண்டுபோய்க் காட்டி, "தோத்தனீங்களே சித்தப்பா?" என்றேன்.

அவர் சுவரில் மாலையோடு இருந்த அப்பாவின் படத்தை ஒருக்கால் பார்த்தார்.

"மெல்லக் கதை பிள்ளை. அண்ணைக்குக் கேட்டிடும்."