பவளத்துக்கு இறால் அரைத்த கதை

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஐப்பசி மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்த நாட்களில், நாகர்கோவிலில் எங்கள் வீட்டு வரவேற்பறையில் தொடங்கியது இந்தக் கூத்து. கோயம்புத்தூரில் இருக்கும் தன் அக்காவுக்கு ஆபரேஷன் என்று என் மனைவி மூன்று வாரம் போயிருந்தாள். வீட்டில் மிச்சம் நானும், நான்கடி நீளமுள்ள ஒரு கடல்நீர்த் தொட்டியும்.

தொட்டி அவளுடையது. அவள் அதில் பவளம் வளர்க்கிறாள்; துணைக்கு இரண்டு ஆரஞ்சு மீன்களும் ஒரு நத்தையும். கல் பவளங்களை வீட்டில் வைக்கச் சட்டம் விடாது என்பதால், கடையிலேயே வளர்த்து விற்கிற தோல் பவளங்களைத்தான் வாங்குவாள். அதில் ஒன்று அவளுக்கு உயிர். காளான் போல ஒரு தண்டு, மேலே தோசைக்கல் அகலத்துக்கு ஒரு குடை, குடை முழுக்கப் பொடிப்பொடியாய்ப் பூக்கள். கட்டைவிரல் அளவில் வாங்கி மூன்று வருடம் வளர்த்தது.

கிளம்புமுன் எனக்கு வகுப்பெடுத்தாள். வாரத்துக்கு இரண்டு நாள் ஒரு சிட்டிகை பிளாங்டன் எனும் கடல் நுண்ணுயிர்ப் பொடியைத் தொட்டித் தண்ணீரில் கரைத்து, மோட்டாரை நிறுத்திவிட்டு, சிரிஞ்சால் பூக்களின் மேல் மெல்ல விட வேண்டும். அவ்வளவுதான். மீதிப் பசியை விளக்கு பார்த்துக்கொள்ளுமாம். விளக்கு எப்படிச் சோறு போடும் என்று கேட்டேன். பவளத்தின் உடம்புக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கிறதாம். அது வெளிச்சத்தில் சமைத்துப் பவளத்துக்கும் ஒரு பங்கு கொடுக்குமாம். வாடகைக்கு இருப்பவன் வீட்டுக்காரனுக்குச் சோறு போடுகிற ஏற்பாட்டை நான் அதுவரை கேள்விப்பட்டதில்லை.

முதல் நான்கு நாட்கள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அதையேதான் பார்த்தேன். ஒவ்வொரு பூவுக்கும் எட்டுக் கைகள். பொடி மேலே பட்டதும் ஒரு கை மடங்கும், அப்புறம் அடுத்தது. கண் கிடையாது, காது கிடையாது. ஆனாலும் என்னவோ தெரிகிறது அதற்கு. எப்படித் தெரிகிறது என்று யோசித்து யோசித்து இரண்டு தடவை அடுப்பில் பாலைப் பொங்கவிட்டேன். என் நகைச்சுவைத் துணுக்குகளைக்கூட அதனிடம் சொல்லிப் பார்த்தேன். சிரிக்கவில்லை, ஆனால் என் நண்பர்களைப் போல எழுந்து போகவும் இல்லை.

ஐந்தாம் நாள் காலையில் ஒரு பூவையும் காணோம். எல்லாம் உள்ளே போய்விட்டன. குடை சுருங்கி, நேற்றைய ஆப்பம் மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. மேலே மெழுகு பூசியது போல ஒரு மினுமினுப்பு. அந்த நேரம் பார்த்து மனைவி போனில், “எப்படி இருக்கு?” என்றாள்.

“டான்ஸ் ஆடுது” என்று சொல்லிவிட்டு, முதல் நாள் எடுத்த படங்களில் ஒன்றை அனுப்பினேன். அடுத்த இரண்டு நாளும் அதே நாள் படங்களே போயின.

இணையத்தில் தேடினேன். எட்டுப் பேர் ஒன்பது விதமாகச் சொன்னார்கள். ஒன்பதையும் விட்டுவிட்டு நானே ஒரு முடிவுக்கு வந்தேன்: பசி. எங்கள் ஊரில் ஒருவர் முகம் வாடியிருந்தால் முதலில் கேட்கிற கேள்வி, சாப்பிட்டியா என்பதுதானே? நான்கு நாள் பொடியை ஒரே வேளையில் விட்டேன். அசையவில்லை. பொடி பிடிக்கவில்லை போலும் என்று மறுநாள் நல்ல இறாலாக வாங்கி, உரித்து, மிக்ஸியில் மையாக அரைத்து விட்டேன். மசாலா மட்டும்தான் சேர்க்கவில்லை.

அதற்கடுத்த நாள் விடிந்தபோது தொட்டி அரிசி கழுவிய தண்ணீராக இருந்தது. மூக்கைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்தேன். இரண்டு ஆரஞ்சு மீன்களும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. மனைவியின் மூன்று வருடத்தை மூன்றே நாளில் குழம்பு வைத்துவிட்டேன் என்று புரிந்தது. வீட்டுக்குள் நாலு தடவை நடந்தேன்; நடந்தால் தண்ணீர் தெளியும் என்று யார் சொன்னார்களோ தெரியவில்லை.

தண்ணீர் மாற்றியாக வேண்டும். மனைவி இதற்கென்று தனி உப்பைப் பார்சலில் வரவழைத்துக் கலக்குவாள். ‘கன்னியாகுமரி மாவட்டத்தில் உப்பைப் பார்சலில் வாங்குகிற ஒரே ஆள் நீதான்’ என்று நான் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். அன்று பாக்கெட்டில் தோசை மாவுக்குக் காணும் அளவுக்குத்தான் இருந்தது. நமக்குக் கடலுக்கா பஞ்சம்? இரண்டு கேன்களை ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு மணக்குடிக் கடற்கரைக்குப் பறந்தேன்.

பேண்டைச் சுருட்டிவிட்டு ஒரு கேனை நிரப்பியிருப்பேன். கரையில் நின்ற, நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் கூப்பிட்டார்.

“அண்ணே, தண்ணி எதுக்குக் கோருதிய?”

“வீட்டுல கடல் மீன் கிடக்கு மக்கா. அதுக்கு.”

“அத நாக்குல வச்சுப் பாத்தியளா?”

வைத்துப் பார்த்தேன். உப்பு குறைவாகப் போட்ட ரசம் மாதிரி இருந்தது.

“மழைக்குப் பொழிய வெட்டி விட்டிருக்குல்லா. பழையாத்துத் தண்ணி முழுக்க இஞ்சதான் வந்து விழுது. இதக் கொண்டு ஊத்தினா உள்ளது எல்லாம் செத்துப் போவும்.”

பொழி என்பது ஆற்று வாயை அடைத்துக் கிடக்கும் மணல் மேடு. அதை வெட்டினால் ஆறு கடலில் பாயும். ஐம்பத்திரண்டு வருடமாகக் கடலுக்குப் பக்கத்தில் இருந்தும் அது எனக்கு அந்த நேரத்தில் உறைக்கவில்லை. அங்கேயே ஈர மணலில் உட்கார்ந்துவிட்டேன்.

அவர் சிப்பி எடுக்க முங்குகிறவர். ஊர் முட்டம் பக்கம். தங்கை வீட்டுக்கு வந்தவர். போனில் பவளத்தின் படத்தைக் காட்டினேன். உற்றுப் பார்த்தார்.

“பாறையில இது மாதிரி கண்டிருக்கேன் அண்ணே. மூடி, மேல மினுங்கிக்கிட்டு கிடக்கும். கொஞ்ச நாள் கழிச்சுப் போனா புதுத் தோலோட நிக்கும். வீட்டுல இத ஆரு பாக்கது?”

“எனக்க வீட்டுக்காரி.”

“அவியகிட்ட சொன்னியளா?”

“சொன்னா எனக்க தோலு உரியும்.”

அவர் சிரித்து முடிக்கவில்லை, போன் அடித்தது. மனைவி.

“இஞ்ச பாருங்க, நீங்க அனுப்புத போட்டோவுல மூணு நாளா நத்தை ஒரே இடத்துல இருக்கு. நத்தை செத்துப் போச்சா, இல்ல நீங்க பொய் சொல்லுதியளா?”

எல்லாவற்றையும் ஒப்பித்தேன்.

“எறாலா? எந்த மிக்ஸியில? சட்னி அரைக்கதுலயா?”

அதற்கப்புறம்தான் பவளத்துக்கு வந்தாள். அது சாகவில்லை, தோல் உரிக்கிறது. சில மாதத்துக்கு ஒருமுறை அப்படி மூடிக்கொண்டு மேல்தோலைக் கழற்றிப் போடும். தொட்டிக்கு வந்த வியாதி நான்தான். நல்ல கடல் தண்ணீர் கொண்டு போய், அலமாரியில் உள்ள கருவியால் உப்பளவு பார்த்து, கால் பங்கு மட்டும் நிதானமாக மாற்ற வேண்டும். ஒரு வாரத்துக்கு எதுவும் போடக் கூடாது. “ஒண்ணும் செய்யாதிய. உங்களால முடியுமா?” என்றாள். அந்தக் கேள்வி எனக்கு நியாயமாகத்தான் பட்டது.

சிப்பிக்காரர் கேட்காமலே ஸ்கூட்டரில் ஏறிவிட்டார். ஆறு வந்து கலக்காத முட்டம் பக்கம் போனதும் ஒவ்வொரு கேனாகத் தள்ளிக்கொண்டு, பாறைகளைத் தாண்டி நீந்தி, தெளிந்த தண்ணீரை நிரப்பிக் கொண்டுவந்தார். நாக்கில் வைத்துப் பார்த்தேன், முகம் கோணியது. அவருக்குத் திருப்தி. நன்றி சொல்லப் போனேன்.

“அதெல்லாம் இருக்கட்டும் அண்ணே. அது விரிஞ்சா எனக்குச் சொல்லணும். இத்தன வருசமா முங்குதேன், கைய வச்ச ஒடனே மூடிரும். திரும்ப விரியது வர காத்து நிக்க நமக்கு மூச்சு எங்க இருக்கு?”

தண்ணீரை மாற்றினேன். இரண்டாம் நாள் மீன்கள் கீழே இறங்கின. அதன்பிறகு சும்மா இருந்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த கடினமான வேலை அது. சிரிஞ்சைத் தூக்கிப் பரண்மேல் போட்டுவிட்டு நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். நான்காம் நாள் மோட்டார் நீரோட்டத்தில் அந்த மெழுகுத் தோல் நனைந்த காகிதம் போல ஓரத்தில் கிழிந்து ஆடியது. உடனே அவருக்குப் போன் செய்தேன். மத்தியானம் பஸ் பிடித்து வந்துவிட்டார்.

முதலில் ஒரே ஒரு பூ எட்டிப் பார்த்தது. அப்புறம் நாலைந்து. நாங்கள் இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை. என்னைத் தெரிந்தவர்கள் இதை நம்ப மாட்டார்கள். குடை முழுக்க விரிய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அவர் கண்ணாடிக்கு ஒரு சாண் தள்ளி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, மூச்சை நன்றாக இழுத்து இழுத்து விட்டபடி கடைசிவரை நின்றே பார்த்தார்.

மனைவி வந்ததும் முதலில் மிக்ஸி ஜாரை மோந்து பார்த்தாள். பிறகுதான் தொட்டிப் பக்கம் போனாள். அந்தப் பவளம் பிழைத்தது நான் ஓடிய ஓட்டத்தால் அல்ல, கடற்கரையில் முன்பின் தெரியாத ஒருவர் என் கையைத் தடுத்ததால்தான் என்பது நினைவிருப்பதால், இப்போதும் எதையாவது காப்பாற்றக் கை பரபரக்கும்போது, அதை முதலில் நாக்கில் வைத்துப் பார்த்தாயா என்று என்னையே ஒருமுறை கேட்டுக்கொள்கிறேன்.