இனெஸின் பச்சைக் கோட்டு

அன்று காலை எழுந்ததும் முதலில் செய்தது, மழையில் நனைந்திருந்த சைக்கிள் இருக்கையைத் துடைத்ததுதான். துணியைப் பிழியும்போது கைபேசி அடித்தது. நான் நடிக்கும் நாடக அரங்கின் மேலாளர். இனெஸ் இறந்துவிட்டார் என்றார். அதே மூச்சில், அவருடைய பாத்திரத்தை நான் ஏற்க முடியுமா என்றும் கேட்டார்.

"செத்த செய்தியோட வேலையும் தாறாங்களோ? வடிவா யோசி," என்றார் கணவர்.

ஹொண்டுராஸிலிருந்து வந்த பெற்றோருக்குக் கோபன்ஹேகனில் பிறந்தவர் இனெஸ். நம்மில் பலர் அவரைத் தொலைக்காட்சித் தொடரில் தாதியாகவும் படங்களில் துப்புரவுப் பணியாளராகவும் பார்த்திருப்போம். மேடையில்தான் அவருடைய முழுக் குரலும் கேட்டது. அங்கும் அவருடைய பாத்திரங்களைப் பாதியிலேயே வெளியே அனுப்பினார்கள். புதிய நாடகம் கைக்கு வந்தால் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் திறப்பார். "அங்கே நான் இல்லையென்றால், என் நிறத்தை மட்டும் கூப்பிட்டிருக்கிறார்கள்," என்பார்.

எங்கள் நாடகத்தில் அவர் ஒரு முதியவரைப் பராமரிக்கும் பெண். முதியவர் சாகும் கடைசிக் காட்சிக்கு முன்பே பச்சைக் கோட்டைப் போட்டுக்கொண்டு போய்விட வேண்டும். "இத்தனை வருடம் பார்த்தவள், அவர் சாகும்போது பக்கத்தில் இருக்கமாட்டாளா?" என்று ஒத்திகையில் கேட்டார். "நல்ல கேள்வி," என்று இயக்குநர் புன்னகைத்தார். இனெஸ் என் காதருகே குனிந்தார். "சிரித்துக்கொண்டு பாராட்டினால் பதில் இல்லை என்று அர்த்தம்."

நோயில் படுத்த பிறகும் வசனம் பார்ப்பதை அவர் விடவில்லை. ஒருநாள் ஆஸ்பத்திரியில், "என் வசனத்தை நீ பேசு, நான் கேட்கிறேன்," என்றார். அவருக்குக் களைப்பு, அதனால்தான் என்று நினைத்தேன்.

இரங்கல் கூட்டத்தில் மேலாளர், "இந்த அரங்குதான் இனெஸின் வீடு," என்றார். எந்த வீட்டில் ஒருவரைக் கடைசிக்கு முன்பே வெளியே அனுப்புவார்கள் என்று யோசித்தபடி உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள், பாத்திரத்துக்குச் சம்மதித்து, உடை அளவு பார்க்கப் போனேன். உடைகளைத் தைக்கும் ஜெசிந்தா அக்கா, மன்னார்க்காரி, கோட்டை நீட்டினார். இனெஸ் என்னைவிட ஒரு சாண் உயரம். கோட்டு எனக்குக் கச்சிதமாக இருந்தது.

"எப்ப அக்கா குறைச்சனீங்கள்?"

"போன மாசம்."

போன மாதம் இனெஸ் உயிரோடு இருந்தார். "ஆர் சொன்னது? மனேஜரோ?"

அக்கா வாயிலிருந்த ஊசியை எடுத்தார். "அவதான். ஆஸ்பத்திரியிலயிருந்து போன் எடுத்தவ. பாத்திரம் உனக்குத்தான் எண்டு மனேஜரிட்டயும் அடிச்சுச் சொல்லிப்போட்டாவாம். உன்னட்டச் சொன்னா அழுதுகொண்டு நிப்பாய், வசனம் பாடமாக்கமாட்டாய் எண்டா. சரி, நிமிர்ந்து நில்லு பிள்ளை, கையும் பாப்பம்."

மேலாளரைப் பற்றிய ஒரு சந்தேகம் தீர்ந்தது. மற்றது, கடைசிக் காட்சியில் அந்தப் பெண் ஏன் இல்லை என்பது, தீரவில்லை. புது ஒத்திகையிலும் இனெஸின் கேள்வியை நான் இயக்குநரிடம் கேட்டேன். அதே புன்னகைதான்.

இனெஸிடமிருந்து நான் வைத்துக்கொண்டது கடைசிப் பக்கத்தை முதலில் பார்க்கும் வழக்கம். அதை இப்போது தினமும் பார்க்கிறேன். இந்த இதழ் உங்கள் கைக்கு வரும்போது முதல் மேடையேற்றம் முடிந்திருக்கும். இயக்குநரிடமோ அக்காவிடமோ வீட்டிலோ இன்னும் சொல்லவில்லை: அன்று மாலை பச்சைக் கோட்டைப் போடுவேன், கதவுவரை நடப்பேன், திரும்பி வந்து முதியவரின் கட்டிலருகே உட்காருவேன்.