வேப்பஞ்சேலை யாருக்கு

வீரராகவனுக்கு அம்மை போட்டது; தங்கை பச்சையம்மா வேப்பஞ்சேலை கட்டினாள். வீரராகவன் பரீட்சை எழுதினான். அதற்கும் பச்சையம்மாதான் கட்டினாள். வேண்டிக்கொள்வது அம்மா முத்தம்மாள், பலன் அண்ணனுக்கு. பெரியபாளையத்து ஆற்றில் முழுகி, ஈரத்தோடு உடம்பெல்லாம் வேப்பங்கொத்தைச் சுற்றிக்கொண்டு, எறும்பு பிடுங்கப் பிடுங்க பவானியம்மன் கோயிலை வலம் வருவது மட்டும் இவள். இது என்ன நியாயம் என்று அந்த வீட்டில் ஒருத்தரும் கேட்டதில்லை. அவளும் கேட்டதில்லை, அதுதான் கொடுமை.

எழுபத்தொன்றாம் வருஷம் ஆடி மாதம் கேட்டாள். அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது. எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் பண்ணிவிட்டு, திருவள்ளூருக்குப் பக்கத்தில் இருந்த தங்கள் நிலத்தில் நாற்று நட்டுக்கொண்டிருந்தாள். அண்ணனுக்குக் கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு பேக்டரியில் வேலை கிடைத்திருந்தது. வேண்டுதலைத் தீர்க்கக் குடும்பமே வண்டி கட்டிக்கொண்டு சனிக்கிழமையே பெரியபாளையம் வந்து, மரத்தடியில் இறங்கியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை வேப்பஞ்சேலை, பொங்கல். திங்கட்கிழமைதான் வண்டி திரும்பும். அந்தத் திங்கட்கிழமை காலையில் பச்சையம்மாவுக்கு மெட்ராஸில் நர்ஸ் டிரெய்னிங் இண்டர்வியூ.

"சேலைய கட்டிக்கினு ஒரு சுத்து சுத்திட்டு மத்தியானம் பஸ்ஸு ஏறிடறேம்மா. ராத்திரிக்கு மெட்ராஸ்ல மாமா ஊட்ல தங்கிக்கிறேன்" என்றாள் ஞாயிற்றுக்கிழமை காலையில்.

"நேத்திக்கடன் கட்னவ கூட்டத்தோடதான் ஊடு திரும்பணும். நம்ம ஊட்டு வழக்கம் ஒனக்குத் தெரியாதா? இண்டர்வியூ அடுத்த வருஷமும் வரும்டீ."

"அப்ப அண்ணன் கட்டட்டும். ஆம்பளைங்களும் கட்டிக்கினுதான சுத்துறாங்க?"

வீரராகவன் பேண்ட்டில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டே, "எனக்கு நாளைக்கு டூட்டி இருக்குது. நான் எப்டி தங்கறது?" என்றான்.

"ஆமா, அவனுக்கு டூட்டி" என்றாள் முத்தம்மாள், அதற்குமேல் ஒன்றும் இல்லை என்பதுபோல.

அவன் டூட்டி டூட்டியாம், அவள் இண்டர்வியூ விளையாட்டாம். பச்சையம்மா வாங்கி வைத்திருந்த வேப்பங்கொத்தை அப்படியே வாரி அண்ணன் மடியில் போட்டாள்.

"வேல ஒனக்குத்தான? நீயே கட்டு."

"அம்மனுக்குக் கோவம் வரும்டீ" என்றாள் முத்தம்மாள்.

"என் மேல எதுக்கு வரும்? இன்னிவரைக்கும் எனக்குன்னு நீ இன்னா வேண்டிக்கினே? ஒண்ணே ஒண்ணு சொல்லு, கட்டிக்கிறேன்."

முத்தம்மாள் வாயைத் திறந்தாள். யோசித்தாள். "ஒன்ன நல்ல எடத்துல தள்ளிவுட்டுடணும்னு..." என்று இழுத்தாள்.

"அது ஒன் தலப்பாரம் எறங்கறதுக்கு வேண்டிக்கினது. எனக்கு இன்னா வேண்டிக்கினே?"

முத்தம்மாள் குனிந்து கீழே சிந்திய வேப்பிலையைப் பொறுக்க ஆரம்பித்தாள். ஒரு பொய்கூட வரவில்லை. அதுதான் பச்சையம்மாவைத் தூக்கி நிறுத்தியது. தனக்கு வேண்டியதைத் தானே கேட்டுக்கொள்ள வேண்டும், வேறு ஆள் கிடையாது என்பது அந்த மரத்தடியில்தான் அவளுக்குப் புரிந்தது. பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். ஒருத்தரும் தடுக்கவில்லை.

திங்கட்கிழமை சாயங்காலம் அவள் வீட்டுக்கு வந்தபோது முத்தம்மாள் சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"எடுத்துக்கினாங்க" என்றாள் பச்சையம்மா, எங்கோ பார்த்துக்கொண்டு.

"தெரியும். நான்தான் வேண்டிக்கினேன்."

"எப்போ?"

"நீ போனதும் ஒங்கண்ணனும் கௌம்பிட்டான். நான்தான் சேலைய கட்டிக்கினு சுத்துனேன்."

பச்சையம்மாவுக்கு மறுபடியும் சுருக்கென்றது. "அவன் வேலைக்குக் கட்டின சேலையிலயேதான் எனக்கும் வேண்டிக்கினியா? எனக்குன்னு தனியா ஒண்ணு கெடையாதா?"

"அவனுக்கு ஒரு சுத்துதான்டீ சுத்துனேன்" என்றாள் முத்தம்மாள். "மத்ததெல்லாம் ஒனக்கு."

நீட்டியிருந்த காலை அப்போதுதான் பச்சையம்மா சரியாகப் பார்த்தாள். மத்தியான வெயிலில் காய்ந்த கல்லில் நடந்து உள்ளங்கால் முழுக்கக் கொப்புளம்.

சொம்பில் தண்ணீரும் பழைய துணியும் கொண்டுவந்து அவள் எதிரில் உட்கார்ந்தாள். அந்தக் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக் கழுவினாள்.

"இத்தினி வருஷம் இன்னா பண்ணிக்கினு இருந்தே?" என்று கேட்டாள். கோபம் துளிகூடக் குறையவில்லை.