இளவரசுவின் எக்கோ டப்பா

கடலூர் முதுநகரில் ஒரு படகு இன்ஜின் பட்டறையில் இளவரசு மெக்கானிக். ஆறு நாள் கையெல்லாம் கிரீஸ், ஞாயிற்றுக்கிழமை மட்டும் கிடார். சுனாமிக்கு அடுத்த வருடம் அந்தப் பட்டறையில் கால் வைக்க இடம் கிடையாது. உப்புத் தண்ணீர் குடித்த இன்ஜின்களைப் பிரித்து, கழுவி, மாட்டி, சைலன்சர்கூடப் போடாமல் ஓட்டிப் பார்த்து அனுப்பினார்கள். ஒரு நாளைக்கு எட்டு, பத்து. பக்கத்தில் நிற்கிறவனிடம் சைகையில்தான் பேச வேண்டும். அத்தனை படகும் திரும்பக் கடலில் இறங்கியதில் தன் கைக்கும் பங்கு உண்டு என்று அவனுக்கு ஒரு பெருமை. நியாயமான பெருமைதான். அதற்காகத் தன்னிடமிருந்து என்ன போனது என்று 2010 வரை அவனுக்குத் தெரியாது.

திருப்பாதிரிப்புலியூரில் சுப்பராயலு ஒரு மெல்லிசைக் குழு நடத்தினார். இளவரசு அதில் ஏழு வருடமாகக் கிடார். 2010 ஐப்பசியில் ஒத்திகை நடந்துகொண்டிருக்கும்போதே சுப்பராயலு கையைத் தூக்கிப் பாட்டை நிறுத்தினார்.

"என்னாடா இளவரசு, கிடாரு வாசிக்கிறியா, தகரத்த தட்டுறியா?"

எல்லோரும் சிரித்தார்கள். கீபோர்டுக்காரர் ராமாமிர்தம் ஒரு பட்டனை அழுத்தினார். அச்சு அசலாகக் கிடார் சத்தம் வந்தது. "அண்ணே, இதுலயே இருக்கு பாருங்க. பிரியாணி கேக்காது, லீவும் கேக்காது."

"தை மாசம் சிதம்பரத்துல ஒரு ரிசப்ஷன் இருக்கு. அதுவரைக்கும் பாப்பேன்டா. சவுண்டு சரியா வரலன்னா கீபோர்டே போதும். கோச்சிக்காத" என்றார் சுப்பராயலு.

குழுவில் தன் நாற்காலி போய்விடும் என்பதுதான் இளவரசுவுக்கு மற்ற எல்லாவற்றையும்விடப் பயம். பட்டறையில் அவன் பத்தோடு பதினொன்று. மேடையில்தான் அவன் இளவரசு.

கோளாறு என்ன என்று அவனே ஒரு முடிவுக்கு வந்தான். தன் கிடார் சத்தம் வறண்டு கிடக்கிறது. பெரிய மண்டபத்தில் வாசித்தால் சுவரெல்லாம் சேர்ந்து திருப்பித் தருமே, அந்த ஈரம் இல்லை. அதை உண்டாக்க ரிவர்ப் பெடல் என்று ஒரு பெட்டி உண்டு, காலால் மிதித்தால் வேலை செய்யும். கம்பெனிப் பெடல் வாங்குவது நடக்காத காரியம். சரி, நாமே செய்துவிடலாம்! டீசல் இன்ஜினையே பிரித்து மாட்டுகிறோம், இது என்ன பெரிய விஷயம்?

பிரவுசிங் சென்டரில் ஒரு சர்க்யூட் படத்தைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு நண்பன் கண்ணாயிரத்தின் மைக்செட் கடைக்குப் போனான். படத்தில் பாதி அவனுக்குப் புரியவே இல்லை. கண்ணாயிரம் கடை மூலையில் செத்துப்போன எக்கோ ஆம்ப்ளிஃபயர்கள் குவிந்து கிடந்தன. திருவிழா மைக்கில் 'வணக்கம்... வணக்கம்...' என்று திரும்பத் திரும்பக் கேட்க வைக்கிற சாதனம்தான். அதற்குள் இருக்கும் ஐசி என்கிற சின்னச் சில்லு ஒன்று இருந்தால் எக்கோ. இரண்டை ஒன்றன்பின் ஒன்றாகக் கோர்த்து, இடைவெளியைக் குறுக்கினால் ரிவர்ப் மாதிரி வரும்.

"எடுத்துக்க மச்சான்" என்றான் கண்ணாயிரம். "ஆனா இதுக்கு எறும்பு காலு சைஸுல காலு. நீ ஸ்பேனர் புடிச்ச கை. ஒடச்சிட்டு வந்து அழுவாத."

உடைத்தான். முதல் ஐசியின் கால் சால்டரிங் சூட்டிலேயே கருகியது. அடுத்ததைத் தலைகீழாக வைத்துவிட்டான். பிளஸ் மைனஸ் மாற்றிக் கொடுத்த ஒரு கெபாசிட்டர் பட்டென்று வெடித்து, வீடு முழுக்க நாற்றம். அவன் மனைவி கயல்விழி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "மாமா, கிடாரு வாசிக்க வெடி எதுக்கு?" என்றாள். கார்த்திகை முடிவதற்குள் ஒரு அலுமினிய டிபன் பாக்ஸில் துளை போட்டு எல்லாவற்றையும் உள்ளே அடக்கிவிட்டான். ஒரு கம்பியைத் தட்டினான். அந்தச் சத்தம் அறையை விட்டுப் போகாமல் அங்கேயே மிதந்து மெல்லக் கரைந்தது. முதுநகரின் அந்த ஒற்றை அறை வீடு ஒரு பெரிய கோயில் மண்டபம்போல ஆகிவிட்டது! அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. யாருக்குத்தான் கலங்காது?

மார்கழி ஒத்திகைக்கு அதைத் துணியில் சுற்றி எடுத்துப் போனான். சுவிட்சை மிதித்து நாலு கம்பிதான் தட்டியிருப்பான். சுப்பராயலு முகத்தைச் சுளித்தார். ராமாமிர்தம் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு கத்தினார். "டேய், கொசு கையில மைக்க குடுத்த மாரி இருக்குடா!"

"என்னா கொசு? எங்க கொசு?"

"பாருங்கண்ணே, ஒண்ணுமே தெரியாத மாரி கேக்குறான்."

இளவரசு ஸ்பீக்கரைப் பார்த்தான். கிடார் சத்தத்தைத் தவிர வேறு எதுவும் இல்லை. எல்லோரும் சேர்ந்து தன்னைக் கழற்றிவிட நாடகம் போடுகிறார்கள் என்று நினைத்தான். வயரைப் பிடுங்கிச் சுருட்டிக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் வந்துவிட்டான்.

வீட்டில் கயல்விழி மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். டப்பாவை மாட்டினான். கம்பியைத் தொடவில்லை.

"கயலு, எதுனா சத்தம் கேக்குதா?"

"கேக்குதே. கீய்ன்னு."

"இப்பவா?"

"இப்பதான். காதுல ஊசி வுட்ட மாரி. ஒரு மாசமா கேட்டுகினுதான கெடக்குறேன்."

"ஏன்டி சொல்லல?"

"ஒனக்குத் தெரியாதா என்னா? அந்த டப்பாவே அப்பிடித்தான் கத்தும்னு நெனச்சேன்."

அவன் ஸ்பீக்கர் மேலேயே காதை வைத்தான். ஒன்றும் இல்லை. சுவிட்சை அணைத்தான், அவள் முகம் தெளிந்தது. போட்டான், புருவம் சுருங்கியது. மறுபடி அணைத்தான், மறுபடி போட்டான். அந்தச் சத்தத்தை அவன் முதன்முதலில் அறிந்தது அவள் முகத்தில்தான்.

சிதம்பரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் காதைப் பார்த்தார்கள். சத்தம் நுழையாத ஒரு சின்ன அறை, தலையில் ஹெட்போன், கையில் ஒரு பட்டன். விசில் கேட்டால் அழுத்த வேண்டும். முதலில் வரிசையாக அழுத்தினான். பிறகு எதுவும் வரவில்லை. மிஷின் நின்றுவிட்டதோ என்று கண்ணாடி வழியாகப் பார்த்தான். வெளியே அந்தப் பெண் இன்னும் குமிழைத் திருகிக்கொண்டுதான் இருந்தாள்.

"பேச்சு கேக்கறதுல பெருசா கொறையில்ல" என்றார் டாக்டர். "கீச்சு சத்தம்தான் போயிடுச்சி. போனது திரும்பாது. என்னா வேல பாக்குறீங்க?"

சொன்னான். ஞாயிற்றுக்கிழமை மேடையையும் சொன்னான். அவர் பேனாவை வைத்துவிட்டார்.

"ரெண்டும் சேந்தா கொஞ்ச வருஷத்துல பேச்சும் கேக்காம போயிடும். ஒண்ணயாவது விடுங்க."

திரும்பும்போது இருவரும் ஏறிய பஸ் ஆலப்பாக்கம் தாண்டியது. பிறகு கயல்விழி அவன் காதருகே குனிந்து, "பட்டறைய விட்டா சாப்பாட்டுக்கு என்னா பண்றது மாமா?" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள். எதை விட வேண்டும் என்று இருவருக்கும் தெரிந்துவிட்டது.

ஆனால் அதற்கு முன்னால் டப்பாவைச் சரி செய்யாமல் விட அவனுக்கு மனம் வரவில்லை. கண்ணாயிரம் மூடியைத் திறந்து பார்த்ததும், "ரெண்டு ஐசிக்கும் ஒரே ரெகுலேட்டர்ல கரண்டு குடுத்திருக்க மச்சான். ஒண்ணோட ஒண்ணு மோதி விசிலடிக்குது. தனித்தனியா குடு, தள்ளித் தள்ளி வெய்யி" என்றான். இளவரசு தன் காதைப் பற்றி அவனிடம் மூச்சு விடவில்லை.

மூன்று நாள். கயல்விழி ஸ்பீக்கர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். "இருக்கு மாமா." "இன்னும் இருக்கு." "கொஞ்சம் கம்மி." மூன்றாம் நாள் மத்தியானம், "போயிடுச்சி மாமா!" என்று கை தட்டினாள். அவனுக்கு முன்னாலும் அதே, பின்னாலும் அதே. காதில் விழாத ஒரு கோளாறைச் சரிசெய்துவிட்டு அவளுக்காகச் சிரித்தான்.

"இப்ப வாசி" என்றாள். வாசித்தான். அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "விசிலு இல்ல. ஆனா ஒன் கிடாரே குத்துது மாமா. தகரம் மாரி."

கிடாரில் கீச்சு சத்தத்தை ஏற்றி இறக்குகிற டிரெபிள் குமிழ் கடைசிவரை திருகியிருந்தது. கேட்கவில்லை, கேட்கவில்லை என்று ஐந்து வருடமாக அவனேதான் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றியிருந்தான். சுப்பராயலு பொய் சொல்லவில்லை. சத்தம் வறண்டும் கிடக்கவில்லை. அவள் குமிழைப் பின்னால் திருகத் திருக, கிடார்மேல் யாரோ கம்பளியைப் போட்டு மூடுவதுபோல அவனுக்கு இருந்தது. "இதான், இதான்! எவ்ளோ நல்லா இருக்கு!" என்று அவள் சொன்ன இடத்தில் ஒரு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டினாள். டப்பாவின் குமிழ்களுக்கும் ஒவ்வொரு பொட்டு.

தையில் சிதம்பரம் ரிசப்ஷன். பொட்டு இருந்த இடத்தில் குமிழை வைத்து இளவரசு வாசித்தான். சாப்பிட எழுந்தவர்கள்கூட நின்று கேட்டார்கள். தன்னுடைய வாசிப்பு அவனுக்கு மட்டும் பூட்டிய கதவுக்கு அந்தப் பக்கம் கேட்டது. கடைசிப் பாட்டு முடிந்ததும் சுப்பராயலு அவன் தோளைப் பிடித்துக் குலுக்கினார்.

"இத மொதல்லயே செஞ்சிருக்கக் கூடாதாடா? இனிமே எல்லா கச்சேரிக்கும் நீதான், போ!"

"இல்லண்ணே. இதான் கடைசி."

"என்னா சொல்ற? ஏன்டா?"

இளவரசு கிடாரை உறையில் போட்டு ஜிப்பை இழுத்தான். காது போய்விட்டது என்று சொன்னால் நாளைக்கே முதுநகருக்குத் தெரிந்துவிடும். இன்ஜின் ஓடுகிற சத்தத்தைக் கேட்டே கோளாறு சொல்ல முடியாதவனுக்குப் பட்டறையில் வேலை கிடையாது. அதுவும் போகும்.

"டப்பா ஒண்ணு செஞ்சதும் தலக்கனம் ஏறிடுச்சி பாருங்கண்ணே" என்றார் ராமாமிர்தம்.

"ஏழு வருஷம் மேடை குடுத்தேன்" என்றார் சுப்பராயலு. "போடா."

இளவரசு அந்தத் திட்டையும் வாங்கிக்கொண்டான். டப்பாவைக் கழற்றி ராமாமிர்தத்திடம் கொடுத்தான். "கீபோர்டுக்குப் போட்டுக்கண்ணே. பொட்டு வெச்ச எடத்துலயே வெய்யி, திருவாத."

"பொட்டா? யாரு வெச்சது?"

"எம் பொண்டாட்டி."

மேடையே சிரித்தது.

மறுநாள் காலை பட்டறையில் ஆறு சிலிண்டர் இன்ஜின் ஒன்றை ஓட்டிப் பார்க்க வேண்டியிருந்தது. இரண்டு காதிலும் பஞ்சைத் திணித்துக்கொண்டு வந்து நின்றவனைப் பார்த்து முதலாளி, "என்னாடா, சளியா?" என்று கேட்டார்.

"ஆமாண்ணே" என்றான். பிறகு முதலாளி அந்தப் பக்கம் போனதும், கோளாறு கேட்க வேண்டுமே என்று ஒரு காதிலிருந்து பஞ்சை எடுத்துவிட்டு இன்ஜின் பக்கம் குனிந்தான்.