வெறுங்காலில் வாசித்தவர்

எங்கள் வீட்டுக்காரர் ராக் பேண்டில் பேஸ் கிடார் வாசித்தவர். நாலே கம்பிதான். அது நின்றுபோனால் பாட்டே நொண்டும். வாசிப்பதை விட்டு வருஷங்கள் ஆகியும், ஆவடி மார்க்கெட்டுக்குப் போனால் "அண்ணாத்தே, கிடாரு இன்னா சொல்லுது?" என்று இன்றைக்கும் நிறுத்திக் கேட்கிறார்கள். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்கவும் எழுதவும் வரும். ஆனாலும் அவர் பேர் போட்ட நோட்டீஸ் ஒன்றைக்கூட நான் எறிந்ததில்லை.

போன பொங்கலுக்கு முகப்பேர் ஃபிளாட்டில் இருக்கிற ஐ.டி. பிள்ளைகள் தங்கள் பேண்டோடு ஒரு பாட்டு வாசிக்க அவரைக் கூப்பிட்டார்கள். அவர் சரி என்றுவிட்டார். எனக்குத்தான் பயம். காலமெல்லாம் டிரம்ஸ் பக்கத்தில் நின்று அவருக்குக் காது போய்விட்டது. எதிரில் நின்று பேசினால் வாயைப் பார்த்துச் சமாளிப்பார். மேடையில் பலகை அதிர்வதை உள்ளங்காலில் வாங்கித்தான் தாளம் பிடிப்பார். இது எனக்கு மட்டும் தெரியும். "வெளிய சொன்ன, அப்பறம் மேடையே ஏற மாட்டேன்" என்று சொல்லிவைத்திருந்தார்.

ஒத்திகையில் வெறும் பலகை. பிசகில்லாமல் வாசித்தார். விழா அன்று முன்வரிசையில் உட்கார்ந்து பார்க்கிறேன், அவர் நிற்கும் இடத்தில் மெத்தை மாதிரி சிவப்புக் கம்பளம். பெரியவருக்கு மரியாதை செய்கிறார்களாம். செருப்பைக் கழற்றிக் கால் வைத்தவருக்கு முகம் செத்துவிட்டது. என்னைத்தான் பார்த்தார். டிரம்ஸ் பிள்ளை குச்சியைத் தூக்கிவிட்டான்.

முந்தானையைச் செருகிக்கொண்டு மேடையேறினேன்.

"நிறுத்துப்பா. இந்தக் கம்பளத்த எடு."

"சாருக்கு மரியாதைக்குத்தான் போட்டோம் ஆன்ட்டி."

"மரியாதய அப்பால காட்டு. சாமி முன்னாடி நிக்கிறாமாரி வெறும் பலகைல நின்னுதான் அவரு வாசிப்பாரு. அதான் எங்க ஊட்டு வழக்கம்."

"மேனேஜர் ஆன்ட்டி வந்துட்டாங்கடா" என்று கூட்டத்தில் யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும். கம்பளத்தைச் சுருட்டி எடுக்கும்வரை நான் இறங்கவில்லை.

டிரம்ஸில் முதல் அடி விழுந்தது. அவர் கை அசையவில்லை. கண்ணை மூடிக் கட்டைவிரலைப் பலகையில் அழுத்தினார். டிரம்ஸ் அடித்துக்கொண்டே இருக்கிறது. அப்புறம் அந்தக் கனத்த சத்தம் எழுந்து, டிரம்ஸோடு சரியாகப் போய் உட்கார்ந்தது. பாட்டு முடியும்வரை தாளம் பிசகவில்லை.

அதிலிருந்து அந்த ஃபிளாட்டில் யார் கிடாரைத் தூக்கினாலும் ஷூவைக் கழற்றிவிட்டுத்தான் மேடையேறுகிறார்கள். சார் வழக்கம் என்கிறார்கள். காரணம் தெரியாது.

அதை எழுதட்டுமா என்று அவர் எதிரில் உட்கார்ந்து கேட்டேன். என் வாயைப் பார்த்துப் புரிந்துகொண்டார்.

"எய்து. இன்னும் எத்தினி நாளிக்கு மறைக்கிறது" என்றார். பிறகு, "ஆனா பசங்க மறுபடி ஷூ மாட்டிக்கப் போறானுங்க" என்றார்.