கூப்பிடாமல் வருகிறவர்கள்

இந்த ஊரில் பிறந்தநாளை யாரும் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. வைத்த பெயருக்குத்தான் பண்டிகை. அக்டோபர் கடைசியில் ஒருநாள் காலையில் ரொட்டிக்கடைக்குப் போனால், வரிசையில் நிற்கிற ஆண்களில் பாதிப் பேர் திமித்ரி. எல்லார் கையிலும் பலகாரப் பெட்டி. அன்று புனிதர் திமித்ரியின் நாளாம். அந்தப் பெயர் வைத்தவர்கள் இனிப்புக் கொடுப்பார்கள். பார்க்கிறவர்கள் 'க்ரோனியா பொல்லா', பல்லாண்டு வாழ்க, என்பார்கள். நம்மூரில் முருகன் பெயர் வைத்தவனெல்லாம் ஒரே நாளில் இப்படிக் கிளம்பினால், கோவில்பட்டிக் கடலைமிட்டாய் ஒரு மணி நேரம் தாங்காது.

இப்போது இதைச் சிரித்துக்கொண்டு எழுதுகிறேன். கிரேக்க நாட்டின் பிரேயஸ் துறைமுகத்தில் இந்த வீட்டுக்குக் குடிவந்த முதல் அக்டோபரில் சிரிப்பு வரவில்லை. எங்களுக்குக் கீழ்வீட்டில் இருப்பவரும் ஒரு திமித்ரிதான். கப்பல் பட்டறையில் எனக்கு மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்துவிட்டாள், மகள் ஜெர்மனியில். மொழி தெரியாமல் திண்டாடிய என் மனைவி செண்பகத்தைச் சந்தைக்குக் கூட்டிப்போய் மீன் வாங்கக் காட்டிக்கொடுத்தவர் அவர்தான். அவரை விட்டால் இந்தத் தேசத்தில் எங்களுக்கென்று ஒரு மனிதர் கிடையாது.

அன்று சாயங்காலம் கீழே ஒரே சிரிப்பும் பேச்சும். பாலும் ரவையும் சேர்த்துச் சுடுகிற கலக்தோபூரெகோவின் மணம் மாடிப்படி ஏறி வந்தது. செண்பகம் புதுச்சேலை கட்டித் தலையும் பின்னிவிட்டாள்.

"ஏங்க, இன்னும் கூப்பிடலியே?"

"கூப்பிடாத வீட்டுக்கு எப்படிட்டி போறது? பேசாம இரு."

கீழே ஆட்கள் கலைகிற வரைக்கும் உட்கார்ந்திருந்தோம். எனக்குச் சுருக்கென்றது. அவ்வளவுதானா நாம் என்று தோன்றியது.

எங்கள் குடும்பத்துக்கு இந்த ரோஷம் புதிதல்ல. இடைசெவலில் இருக்கிற சித்தப்பா, தம் மகள் கல்யாணப் பத்திரிகையை அப்பாவிடம் கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் வைத்து நீட்டிவிட்டார். பஸ் புறப்படுகிற அவசரம் அவருக்கு. அப்பா எங்கள் கழுகுமலை வீட்டுக்கு வந்து கத்திய கத்து எனக்கு இன்னும் கேட்கிறது. "பஸ் ஸ்டாண்டுல வச்சுப் பத்திரிகைய நீட்டுதான்லா! எனக்கு வீடு இல்லியா, வாசல் இல்லியா? புருசனும் பொண்டாட்டியுமா வந்து தட்டுல வச்சுக் குடுக்க முடியாதோ இவியளுக்கு?" கல்யாணத்துக்கு நாங்கள் யாரும் போகவில்லை. அதோடு அண்ணன் தம்பி பேச்சு நின்றது. அம்மா இறந்து, பிறகு அப்பாவும் இறந்தபோது, யாரும் ஆள் அனுப்பாமலே முதலில் வந்து நின்றவர் சித்தப்பாதான். நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதார். மறுநாள் சுடுகாட்டில் காடேற்றுச் சடங்கை முடித்துவிட்டு, எங்கள் யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் பஸ் ஏறிப் போனார். நம் பக்கத்தில் அழைப்பில்லாமல் போகிற இடம் சாவுவீடு ஒன்றுதான்.

மறுநாள் முதல் திமித்ரி என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கூப்பிடாதது அவர், கோபமும் அவருக்கா என்று நானும் முறுக்கிக்கொண்டேன். செண்பகம்தான் சந்தைக்குப் போக ஆளில்லாமல் தவித்தாள். கார்த்திகைக்குக் கொழுக்கட்டை அவித்தவள், "நீங்க வந்தா வாங்க, வராட்டி இருங்க" என்று தட்டை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். நானும் பின்னால் போனேன்.

கதவைத் திறந்தவர் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அன்றைக்கு உங்கள் இரண்டு பேருக்கும் இனிப்பு எடுத்துவைத்தேன். மூன்று நாள் வைத்திருந்து கொட்டினேன்" என்றார்.

"நீங்கள் கூப்பிடவே இல்லையே" என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "என் பெயர் உனக்குத் தெரியாதா?"

அப்புறம்தான் விளங்கியது. பெயர்ப் பண்டிகைக்கு இங்கே யாரையும் அழைப்பதில்லை. கதவைத் திறந்துவைத்துக் காத்திருப்பார்கள். நினைவு வைத்திருக்கிறவர்கள் வருவார்கள். கிறிஸ்துவுக்கு முந்திய காலத்தில் இவர்களுடைய கடவுள்கள் பிச்சைக்கார வேஷத்தில் வந்து கதவைத் தட்டுமாம், யார் வந்தாலும் உபசரிக்கிற அந்தப் பழக்கம் விடவில்லை என்று கொழுக்கட்டையைக் கடித்துக்கொண்டே சொன்னார். தம் பெயரே அந்தக் காலத்துத் தானிய அம்மனிடமிருந்து வந்ததுதான் என்றார். இங்கேயும் அந்த நாளை ஒட்டித்தான் விதைப்பு. நம் கரிசலிலும் ஐப்பசி மழையை நம்பித்தான் விதை தூவுகிறோம்.

"உன் பண்டிகை எப்போது?" என்று கேட்டார். என் பெயர் கழுகாசலம், எங்கள் ஊர் மலைக்குகையில் இருக்கிற முருகனின் பெயர், பங்குனி உத்திரம் அவருக்கு விசேஷம், பௌர்ணமியை ஒட்டி வரும் என்றேன். "எங்கள் ஈஸ்டரும் நிலாவைப் பார்த்துத்தான் வருகிறது" என்று அவருக்கு ஒரே சந்தோஷம்.

பங்குனி உத்திரம் வந்தது. செண்பகம் கேசரியும் சுண்டலும் செய்தாள். கதவைத் திறந்துவைத்தோம். யாரிடமும் மூச்சு விடவில்லை.

"ஏங்க, திமித்ரிகிட்ட மட்டும் ஒரு வார்த்த சொல்லிட்டு வந்துரட்டா?"

"சும்மா இரு. பாப்போம்."

சொல்லிவிட்டேனே தவிர நானும் படிப்பக்கமே காதை வைத்திருந்தேன். கூப்பிடாவிட்டால் நம்மூரில் காக்கா குருவிகூட எட்டிப் பார்க்காது. மத்தியானம் படியில் செருப்புச் சத்தம் கேட்டது. கோயிலுக்குப் போடுகிற கோட்டில் திமித்ரி. அவர் பின்னால் ரொட்டிக்கடை அம்மாள், பட்டறை ஆட்கள் இரண்டு பேர். "க்ரோனியா பொல்லா!" செண்பகம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேசரி எடுக்கப் போனாள். அந்த நேரத்தில் எனக்குக் கூப்பிடாமலே வந்து நின்ற சித்தப்பா நினைப்பு வந்தது. வாசலுக்கு வந்து போன் போட்டேன்.

"யாரு... கழுகாசலமா? ஏலே, யாருக்குலே என்ன ஆச்சு?"

"யாருக்கும் ஒண்ணும் ஆகல சித்தப்பா. நல்லா இருக்கோம். சும்மாதான் பேசுதேன்."

"சும்மாவா?" என்றார். போனில் நாதஸ்வரமும் கூட்டத்தின் இரைச்சலும் கேட்டன. "உத்திரத்துக்குக் கழுகுமலை வந்தேன்லே. வருசா வருசம் வாரதுதான். உங்க வீட்டு வாசல்லதான் ஒக்காந்திருக்கேன். பூட்டிக் கெடக்கு."

உள்ளேயிருந்து திமித்ரி கிண்ணத்தைத் தூக்கிக் காட்டி என்னைக் கூப்பிட்டார். திறந்துகிடந்த வாசலில் நின்றுகொண்டு, பூட்டிக்கிடந்த வாசலில் இருந்தவரிடம், "வாங்க சித்தப்பா" என்றேன்.